சோற்றோடு ஒரு வெறுந்தேத்தண்ணி

"சோத்துக்குத் தேத்தண்ணி குடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்..."

கௌசலா திரும்பினாள். வவுனியா பஸ் நிலையத்துத் தேநீர்க்கடை. வெளியே மழை சரம் சரமாய்... பக்கத்து வாங்குப் பலகையில் ஒருவன். காலடியில் கறள் பிடித்த இரும்புக் கம்பிக்கட்டு, கையெல்லாம் அந்தத் துருவின் செம்மஞ்சள். இமையில் மழைத்துளி தொங்க, கண் மட்டும் சிரித்தது.

"உங்கட சோத்துக்குள்ள நான் கை வைச்சனானே?"

"இல்லை."

"பேந்தென்ன? உங்கட கம்பி என்ர சட்டையில கறள் பூசினது காணாதே... வாயும் வேணுமே?"

அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் செம்மஞ்சள் கோடு. சிரிப்பு அணைந்தது. பார்வை மேலே வந்து, அவள் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சில் நின்றது.

"ரத்தம் குடுத்தனீங்களோ?"

"வாங்கினனான். மாசா மாசம்."

ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரிடமும் சொல்வதில்லை. இவனிடம் கேட்காததும் வந்தது... தலசீமியா. அம்மாவிடம் ஒரு பாதி, அப்பாவிடம் ஒரு பாதி என்று பிறப்போடு வந்த இரத்தச்சோகை. அவர்கள் இருவருக்கும் ஒரு நோயும் இல்லை. தம்பியும் இதோடுதான் பிறந்தான். பன்னிரண்டு வயதில் போய்விட்டான்.

"ஏத்துற ரத்தத்தில இருக்கிற இரும்பு வெளியில போகாது. உள்ளுக்குக் கிடந்து ஒட்சியேற்றம் நடக்குமாம்."

"பள்ளிக்கூடத்தில ஆணியைத் தண்ணிக்குள்ள போட்டு வைச்சமே... அதுவோ?"

"அதைப் போலத்தான். செங்குழியத்தை அரிக்கும். பேந்து ஈரலை, இதயத்தை. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா, சோறு கறியில இருக்கிற இரும்பாவது உடம்பில சேராது."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். கறளோடுதான் அவன் பிழைப்பு. உரஞ்சி, சிவப்புப் பெயின்ற் அடித்து, வீட்டு வாசல் கேற்றாக்கி விற்பான். உள்ளுக்குள் பிடித்தால் எதைக் கொண்டு உரஞ்சுவது...

"எங்கட ஆக்கள் பரம்பரையாக் கிள்ளின தேயிலைக் கொழுந்து," என்றான் மெதுவாக, "ஒரு ஆளுக்காவது நல்லது செய்யுதே."

பெயர் வினோதன். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு தகரப்பெட்டியோடு கிளிநொச்சிக்கு வந்தவர் அவன் அப்பா பழனியாண்டி. அவளுடைய அப்பா அப்புத்துரை, யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்து காணி திருத்திய வயல்காரர். இரண்டு வீடும் வன்னி மண்ணில்தான். ஆனால் வயல்கார வீட்டுக்குத் தோட்டத்து வீடு கேற்றுக்கு வெளியில்.

அடுத்த மாதம் அதே வாங்கில் இருந்தான். கையில் முருங்கையிலைக் கட்டும் ஈரல் பொரியலும்.

"ரத்தம் ஊறும் எண்டு அம்மா சொன்னவா."

"என்னைக் கொல்லுற எண்ணமோ? முழுக்க இரும்பு."

அவன் முகம் போன போக்கில் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதற்கடுத்த மாதம் தேயிலைத்தூள் கொண்டுவந்தான். அவளுடைய கிளினிக் நாட்களில்தான் அவனுக்குக் கம்பி முடிந்தது. அவளுக்கோ... ஊசி ஏறும்போது கண்ணை மூடினால் செம்மஞ்சள் விரல்கள்.

எட்டாவது மாதம் கேட்டான். "வீட்டை வந்து கலியாணம் கதைக்கட்டே?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் தம்பியின் முகம் முன்னால் வந்தது.

"வாங்கோ. அதுக்கு முதல் ஒருக்கா ரத்தம் சோதிச்சுக்கொண்டு வாங்கோ. உங்களிட்டையும் அந்தப் பாதி இருந்தா பிள்ளைக்கு வரலாம். அப்பாவும் முதல் அதைத்தான் கேப்பார்."

அப்பா என்ற சொல்லில் அவன் முகம் இறுகிவிட்டது. கேற் பொருத்திக் கொடுத்த வீடுகளில், அந்தக் கேற்றுக்கு வெளியிலேயே நிற்கவைத்துத் தண்ணீர் கொடுத்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். கோபம் வந்தால் அவன் வாயில் தாயின் மலையகப் பேச்சு வரும்.

"உங்க ஆளுங்க மாப்பிள்ளைன்னா இதைக் கேப்பாரா? நாங்க என்ன மாடா, சோதிச்சுப் பாத்து வாங்குறதுக்கு?"

"வினோதன்... நான் சொல்லுறது..."

கம்பிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

அவள் கூப்பிடவில்லை. பிழையாக ஒன்றும் கேட்கவில்லையே... வரட்டும் என்று இருந்தாள். அவன் கிளிநொச்சியிலேயே கம்பி வாங்கத் தொடங்கினான்.

மூன்று வருடம்.

மழைக்கு ஒதுங்க அவள் கடைக்குள் நுழைந்தபோது, அதே வாங்கில் அவன். எதிர்பார்த்து வந்தவனில்லை, அந்த முகத்திலேயே தெரிந்தது. அவளைக் கண்டதும் எழுந்தவன் அப்படியே நின்றான். அவள் முகம் கறுத்து, கழுத்தெலும்பு துருத்தி... கண் மட்டும் பழையது.

"என்ன இப்பிடி...?"

"இதயத்திலயும் இரும்பு படிஞ்சிட்டுதாம்."

"இரும்பை இறக்கிற மருந்துக் குளிசை குடிக்கிறனீங்கதானே?"

"ஒரு வருசம் ஒழுங்காக் குடிக்கேல்லை."

"ஏன்?"

அவள் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் மேசையில் வைத்தாள். "ஆருக்காகக் குடிக்க எண்டு இருந்திட்டன். விசர்தான்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தான். பிளாஸ்ரிக் உறைக்குள் மடிப்பு வெடித்துக் கிடந்தது. அவளிடம் நீட்டினான். இரத்தப் பரிசோதனை அறிக்கை. ஒரு குறையும் இல்லை. அவள் திகதியைப் பார்த்தாள்... அவன் கோபித்துப் போன நாளிலிருந்து எட்டாம் நாள்.

"அண்டைக்கே எடுத்திட்டன்," என்றான், நிலத்தைப் பார்த்தபடி. "நீங்கள் வந்து கேப்பீங்கள் எண்டு வைச்சிருந்தன். ஒவ்வொரு மாசமும் உங்கட கிளினிக் நாளில கையில எடுப்பன். பேந்து வைச்சிடுவன்."

"அப்பா கேட்டவர் எண்டே நினைச்சனீங்கள்? அப்பாவுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. கேட்டது நான். தம்பியைத் தூக்கிக் குடுத்தவள் நான்."

அவன் கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இப்ப பிள்ளை பெறக் கூடாது எண்டு சொல்லிட்டினம். இதயம் தாங்காதாம். இந்தக் கடதாசிக்கு இனி வேலையில்லை, வினோதன்."

தகரக்கூரையில் மழை இரைந்தது. அவளுடைய விசுவமடு பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் எழவில்லை.

"எனக்கு உங்களில விருப்பம். கடதாசி இல்லாமலே அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும்," என்றான் அவன்.

"ஓம். அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு குளிசையை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். "தண்ணியில கரைச்சுத் தாங்கோ. குடிச்சு அரை மணித்தியாலம் போனாத்தான் சாப்பிடலாம்."

செம்மஞ்சள் விரல்கள் கிளாசை மெல்லச் சுழற்றின. வெள்ளையாய்க் கலங்கியது. பஸ் புறப்பட்டுப் போனது.

"அரை மணித்தியாலம்தானே," என்றான். "இருக்கிறன்."