நீர்யானைக்காகத் தட்டுகிறார்கள்

தோணியின் விளிம்பில் கழியால் மூன்று முறை தட்டினான் மொதுசி. கால்வாய் வளையும் இடங்களில் ஒகவாங்கோ சதுப்புநிலத் தோணிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அடியில் நீர்யானை படுத்திருந்தால் ஓசை கேட்டு விலகிப் போகும். மூன்று தட்டு தட்டிவிட்டுக் கழியை மறுபடி ஊன்றப் போனான். நான்காவது ஓசை தானாகக் கேட்டது. தோணிக்கு அடியிலிருந்து, அவன் பாதத்துக்கு நேர் கீழே.

மரக்கட்டை ஏதாவது உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முன்னால் கோரைப்பாயில் சாய்ந்திருந்த லீஸ்பெத் அம்மாள் திரும்பவில்லை. அறுபது வயது டச்சுக்காரி. கென்யாவில் பலூன் ஏறி, ஸாம்பியாவில் அருவி பார்த்து, கடைசியாக இந்தச் சதுப்புத் தீவில் மூன்று நாள் கூடாரம் போட்டு யானை பார்த்தவர். பொழுது சாய்வதற்குள் அவரைக் கரை சேர்க்க வேண்டும். பெரிய கால்வாயை யானைக்கூட்டம் அடைத்துக்கொண்டு குளித்ததால்தான் மொதுசி இந்தக் குறுக்குக் கால்வாயில் வந்தான். ஒரு வருடமாக அவன் கால் வைக்காத வழி.

"ஏன் மொதுசி, போகும்போது வாய் ஓயாம பாடினீங்க. இப்ப சத்தத்தையே காணோம்?"

"தொண்டை கட்டிடுச்சும்மா. இந்தத் தொண்டையோட பாடினா தவளைங்க சண்டைக்கு வந்துடும்."

அம்மாள் சிரித்தார். மொதுசியும் சிரித்துப் பார்த்தான்.

இரண்டு பக்கமும் கோரை ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, காற்றே இல்லாமல் தலையை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருக்க, அதன் அடியில் தேங்கிய கறுப்பு நீரிலிருந்து அழுகிய அல்லித்தண்டின் வாசமும், அதற்குள் எங்கோ ஒளிந்திருந்த, அவனுக்குப் பழகின மூக்குப்பொடியின் காரமும் வந்தன. மூக்குப்பொடி. அவர்கள் தோணித்துறையில் பொடி போட்டவன் ஒருவன்தான். திரோ. எந்த நாளும் தன் மக்வின்யா பலகாரத்தைப் பிட்டு, பெரிய பாதியைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டு, சின்னதைத் தான் தின்றவன். பக்கத்தில் இருப்பவன் பெரும்பாலும் மொதுசிதான்.

போன வருட வெள்ளத்தில், இதே நேரம், இதே கோரைக்கு அப்பால் தட்டும் ஓசை கேட்டது. மூன்று மூன்றாக. நகரும் தோணியின் ஓசை நகர்ந்துகொண்டே போகும், அது நகரவில்லை. மொதுசிக்கு அது தெரிந்தது. ஆனால் அவன் தோணியில் இருந்த தம்பதி விமானத்தைப் பிடிக்க வேண்டும், நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன சத்தம் என்று அவர்கள் கேட்டபோது, "நீர்யானைக்காகத் தட்டுறாங்க. வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கழியை ஊன்றினான்.

மறுநாள் திரோவின் தோணி கவிழ்ந்து கிடைத்தது. திரோ கிடைக்கவில்லை. தோணியின் வயிற்றில் கத்திப்பிடியால் தட்டிய தழும்புகள். எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். "உங்க காதுல ஏதாவது விழுந்துச்சாண்ணே?" என்று திரோவின் மனைவி ஒவ்வொருவரிடமாக வந்து கேட்டாள். மொதுசி இல்லை என்றான். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனையில் அவன் கண்ணை மூடி ஜெபித்ததில்லை.

இப்போது கோரைக்கு அப்பால் கேட்டது.

டொக். டொக். டொக்.

"யாரோ தட்டுறாங்க" என்றார் அம்மாள்.

மொதுசியின் கை நின்றது. ஒரே ஒரு முறை கழியை இடப்பக்கம் ஊன்றினால் போதும். தோணி கோரைக்குள் திரும்பிவிடும். யாராக இருந்தாலும், என்னவாக இருந்தாலும், இதோ வந்துட்டேன் என்று ஒரு குரல் கொடுக்கலாம்.

"போய்ப் பாத்துட்டுதான் வருவோமே. ரெண்டு நிமிஷத்துல என்ன கெட்டுடப் போகுது?"

டொக். டொக். டொக். அது நகரவில்லை.

பயத்தில், பழகிய வார்த்தைதான் வெளியே வந்தது.

"நீர்யானைக்காகத் தட்டுறாங்கம்மா. வேற ஒண்ணுமில்ல."

ஓசை நின்றது.

தவளைகளும் நின்றன. மொதுசி வேகமாக ஊன்றினான். தோணி லேசில் நகரவில்லை; நகர்ந்தாலும் பாரம் இழுப்பதுபோல் நகர்ந்தது. விளிம்பு தண்ணீரிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு பேர் பாரமில்லை இது. மூன்று பேர். அவனுக்கும் அம்மாளுக்கும் நடுவே கிடந்த காய்ந்த பாய் ஈரமாகிக்கொண்டிருந்தது, யாரோ நனைந்த துணியோடு உட்கார்ந்தது போல.

பொடி வாசம் இப்போது முகத்துக்கு எதிரே.

கழியை ஊன்றினான். சேற்றில் சிக்கியது. இழுத்தான். கழியும் இழுத்தது. கீழேயிருந்து, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பது போல.

கழி சிக்கினால் விட்டுவிடு, தோணியை விடாதே. முதல் நாள் பாடம் அது. மொதுசி விடவில்லை. விரல்கள் திறக்கவில்லை. காலடியிலிருந்து தோணி நழுவியது. கழி சாய்ந்தது. நீர் மூடியது.

மேலே வந்தபோது மார்பளவு நீர். பனிபோல் குளிர். கத்த வாய் திறந்தான். குரல் வரவில்லை.

தோணி போய்க்கொண்டிருந்தது. ஆடாமல். நேராக. அம்மாளின் தொப்பி முன்னால் தெரிந்தது. பின்னால், அவன் நின்ற இடத்தில், ஒருவன் நின்று கழி ஊன்றினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து நீர் சொட்டியது. அந்த அம்மாள் அலுங்கக் கூடாது என்பதுபோல அத்தனை பதமாக ஊன்றினான்.

மொதுசி கையை வீசினான். ஏதோ தட்டுப்பட்டது. வழுவழுப்பான, கவிழ்ந்த தோணி. உள்ளங்கைக்குக் கீழே தழும்புகள். நிறைய.

அவனுக்குப் பின்னால், கோரை ஓரத்தில், ஏதோ பெரிதாக மூச்சு விட்டது.

முஷ்டியால் தட்டினான். மூன்று முறை. மறுபடியும் மூன்று.

தூரத்தில் தொப்பி லேசாகச் சாய்ந்தது. தண்ணீரின் மேல் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

"மறுபடியும் யாரோ தட்டுறாங்க மொதுசி."

பின்னால் நின்றவன் திரும்பவில்லை. மொதுசியின் குரலிலேயே, மொதுசியின் அதே தணிந்த தொனியில், பதில் வந்தது.

"நீர்யானைக்காகத் தட்டுறாங்கம்மா. வேற ஒண்ணுமில்ல."

தோணி வளைவில் மறைந்தது. மொதுசி தட்டிக்கொண்டே இருந்தான். மூன்று. மூன்று. முதுகுக்குப் பின்னால் மூச்சு இன்னும் கொஞ்சம் அருகே வந்தது.