நான்காவது அலாரம்

துடைப்பக் கட்டையின் நுனியால் பொத்தானை அழுத்தியதும் வீட்டிலிருந்த புகை அலாரங்கள் மூன்றும் ஒன்றாகக் கத்தின, ஒன்றாக நின்றன. அதற்குப் பிறகும் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

பிரான்வின் கட்டையை இறக்காமல் நின்றாள். நடைவழியில் ஒன்று, அவள் படுக்கையறையில் ஒன்று, மகள் டில்லியின் அறையில் ஒன்று. வேறு அலாரம் இந்த வீட்டில் கிடையாது. ஆனாலும் எங்கோ உள்ளே, யாரோ கம்பளியில் சுற்றி மடியில் வைத்து அமுக்குவதைப்போல, அந்தக் கீச்சொலி மங்கலாக, விடாமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.

"அம்மா, அது எங்க கத்துச்சு?" காதுகளைப் பொத்தியபடி டில்லி கேட்டாள். ஐந்து வயது.

"பக்கத்து வீடா இருக்கும் கண்ணு."

பக்கத்து வீடு இரண்டு புல்வெளி தள்ளி, மூடுபனிக்குள் மறைந்திருந்தது. மலைமேல் இருக்கும் டூவூம்பாவில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். மலைவிளிம்பில் ஏறிவரும் பனி தெருவிளக்குகளைக்கூட விட்டுவைக்காது.

வாடகை வீடு. வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து அலாரங்களைச் சோதித்துவிட்டுப் போவான். இடைப்பட்ட மாதங்களில் கவனித்துக்கொள்வது குடியிருப்பவர் பாடு. பிரான்வின் அதில் ஒரு படி அதிகமாகவே இருந்தாள். ஹீட்டர் அருகே துணி காயப்போடமாட்டாள். துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் வழித்தெடுப்பாள். புருஷனை விட்டு வந்தபின் குழந்தையோடு ஒரு வீடு கிடைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இதில் ஏதாவது ஆகிவிட்டால் போக வேறு இடமில்லை.

அலாரம் மாட்டிய நெவிலுக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமைகூட என்ன விடமாட்டியா பிரான்?" பின்னால் கால்பந்து வர்ணனை அலறிக்கொண்டிருந்தது.

"எத்தன மாட்டின நெவில்?"

"மூணு. எனக்கு எண்ணத் தெரியும்."

"நாலாவது ஒண்ணு கேக்குதே."

"முன்னாடி இருந்தவன் எவனாவது எங்கயாச்சும் சொருகிட்டுப் போயிருப்பான். ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், ஒண்ணு கத்தினா எல்லாம் கத்தும். எது ஆரம்பிச்சுதோ அதுல மட்டும் செவப்பு லைட் படபடன்னு அடிக்கும். அதப் பாத்துக் கண்டுபிடி. நான் செவ்வாக்கெழம வர்றேன்."

சத்தம் வந்தது நடைவழியின் கடைசிச் சுவரிலிருந்துதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சுவருக்கு அப்பால் அறை கிடையாது. கொல்லைப்புறம்தான். மெல்லிய பலகைச் சுவர், வெளிர்பச்சைப் பெயின்ட். டில்லியை நாற்காலிமேல் ஏற்றிக் கையில் கட்டையைக் கொடுத்தாள். டில்லிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நான் சொன்னதும் அழுத்து. ஒரே ஒரு தடவ."

"ரெண்டு தடவ?"

"ஒண்ணுதான் டில்."

பிரான்வின் குனிந்து சுவரில் காதை ஒட்டினாள். பழைய பெயின்டின் வாசனை. அதற்குள் இன்னொன்று, மழைக்காலத்தில் உலராத துணியைப் போட்டுக்கொண்டு யாரோ நெருக்கமாக வந்து நிற்கும்போது வருகிற வாசனை. கையைக் காட்டினாள். டில்லி அழுத்தினாள். மூன்றும் கத்தி ஓய்ந்தன. சுவருக்குள் நாலாவது கத்தியது. மிக அருகில். அவள் காதுக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைதான்.

பிறகு, சுவருக்குள், ஒரு நாற்காலி இழுபட்டது.

கால்கள் தரையில் கீறும் ஓசை. அதன்மேல் ஒரு கனம் ஏறியதும் மரம் முனகியது. ஒரு மூச்சு. டக்கென்று பொத்தான். சத்தம் நின்றது.

சுவரில் வைத்திருந்த உள்ளங்கை வெதுவெதுப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். வீடு முழுக்கக் குளிர். அந்த இடம் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றிபோல் இருந்தது.

மறுபடியும் அலாரங்கள் எல்லாம் கத்தத் தொடங்கின.

"அம்மா, நான் அழுத்தல," என்றாள் டில்லி.

பிரான்வின் நிமிர்ந்து பார்த்தாள். நடைவழி அலாரத்தில் சிவப்பு விளக்கு இல்லை. தன் அறைக்கு ஓடினாள். இல்லை. டில்லியின் அறை. இல்லை. கத்தல் நின்றது. திரும்பத் தொடங்கியது. நின்றது. அந்தப் பக்கத்தில் யாரோ அழுத்திப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று காதை வைத்துக் கேட்கிறார்கள்.

குழந்தையை இடுப்பில் தூக்கினாள். சாவி. போன். ஓட்டம்.

காரின் பின்சீட்டில் டில்லியை உட்காரவைத்துப் போர்வை சுற்றிக் கதவைப் பூட்டினாள். காரை ஒட்டி நின்றபடி தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு, சுவர் சுடுகிறது என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொன்னால் வரமாட்டார்களோ என்ற பயம்.

வந்தார்கள். மொய்ரா என்ற நரைத்த பெண்தான் தலைமை. சூட்டைப் படமாகக் காட்டும் கேமராவோடு உள்ளே போனவள் சற்று நேரத்தில் வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "இங்கிருந்தே பாருங்க, உள்ள வர வேணாம். வண்டிய எங்காளு பாத்துக்குவான்."

திரையில் சுவர் முழுக்க நீலம். நடுவில் மஞ்சளாக ஒரு காது, ஒரு கன்னம், விரித்த ஒரு கை.

"நீங்க காது வச்ச எடமா?"

"வச்சேன். ஆனா அது அப்பவே, இந்நேரம் சூடு ஆறியிருக்கும். அதுவும் குனிஞ்சு வச்சேன். இது இருக்கற ஒசரம் எனக்கு எட்டாது."

மொய்ரா அண்ணாந்து பார்த்தாள். தன் ஆட்களுக்குத் தலையசைத்தாள். ரம்பம் பலகையை அறுத்தது. உள்ளே இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. சிலந்திக்கூடு. அப்பால் வெளிச்சுவர். நாற்காலியும் இல்லை, அலாரமும் இல்லை. தொட்டுப் பார்த்தார்கள், பலகை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"கேமராதான் பிசகிருச்சுபோல," என்று மொய்ரா வெளியே வந்தாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை. சோதித்துப் பார்க்கக் காரை நோக்கித் திருப்பினாள். "கண்ணாடிக்குள்ள இதால பாக்க முடியாது. உள்ளேர்ந்து கை வச்சா, அந்தச் சூடு மட்டும் தெரியும். பாப்பாவ வைக்கச் சொல்லுங்க."

பிரான்வின் கையை உயர்த்திக் காட்டினாள். பின்சீட்டில் டில்லி தனியாக, போர்வைக்குள் சிரித்தபடி, கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டினாள். திரையின் நீலத்தில் ஒரு சின்னக் கை மஞ்சளாக மலர்ந்தது.

"சரியாத்தான் வேல செய்யுது," என்ற மொய்ரா திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தாள்.

சின்னக் கைக்குப் பக்கத்தில், மெல்ல, விரல் விரலாக, ஒரு பெரிய கை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கண்ணாடியின் உச்சியில், ஒரு காது.