சின்னத்தம்பி காணி

அந்தப் பழைய படத்தை மேசையில் விரித்தபோது ரஞ்சினிக்கு விறகுப் புகை மணந்தது. ஈர விறகு பற்றாமல் முனகி முனகிப் புகைகிற மணம். மெல்பேண் நகரத்தின் நடுவில், மூன்றாம் மாடியில், யன்னலெல்லாம் பூட்டிக் கிடந்த காணிப் பதிவு அலுவலகத்தில் விறகு ஏது? பக்கத்தில் நின்ற கணவன் விக்னராஜாவைப் பார்த்தாள். அவனுக்கு எதுவும் மணக்கவில்லை போலிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தின் மேல் குனிந்திருந்தான்.

கிப்ஸ்லாந்து மலைப்பக்கத்துக் காணிப்படம் அது. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் காணி எடுத்தவனின் பெயரை எழுதியிருந்தார்கள். அநேகமான பெயர்கள் சிவப்பு மையால் வெட்டுப்பட்டு, பக்கத்தில் வேறு பெயர் எழுதி, அதுவும் வெட்டுப்பட்டிருந்தது. ஓடைக்கரைக் கட்டமொன்றில் மட்டும் ஒரே பெயர், வெட்டில்லாமல். வெள்ளைக்காரன் தன் காதில் விழுந்தபடி கோணலாக எழுதிய ஆங்கிலம். ரஞ்சினி எழுத்துக்கூட்டி வாசித்தாள். சின்னத்தம்பி. அவளுடைய பூட்டன், பாட்டனைப் பெற்றவர்.

அலுவலர் தலை நரைத்த பொறுமையான மனிதர். அந்தக் காலத்தில் அரசாங்கக் காணி எடுத்தவன் அதிலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், சில வருடம் விடாமல் இருந்து காட்டினால்தான் காணி உறுதிப்பத்திரம் அவன் பெயருக்கு வரும் என்று விளக்கினார். சின்னத்தம்பிக்கு உறுதி எழுதப்படவில்லை. செத்ததாகவும் பதிவில்லை, காணியை விட்டுப் போனதாகவும் பதிவில்லை. சட்டப்படி பார்த்தால் ஆள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தபடி படத்தைச் சுருட்டினார். விக்னராஜாவும் சிரித்தான்.

ரஞ்சினிக்குச் சிரிப்பு வரவில்லை. கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போனது. ஐந்து மாதம் முடிகிறது. இதற்கு முன் வந்த இரண்டும் ஆறாம் மாதத்தைத் தாண்டவில்லை. ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது இங்கே வந்த பிறகு. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். குறையில்லாத உடம்பில் பிள்ளை ஏன் தங்கவில்லை என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. காரைநகர்ச் சாத்திரியாரிடம் இருந்தது. உங்கள் பரம்பரையில் ஒருவர் ஈமக்கிரியை இல்லாமல் கிடக்கிறார் என்றார் அவர். அது யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெண்சாதியையும் கைக்குழந்தையையும் விட்டுக் கப்பலேறி, ஒஸ்திரேலியாவில் துணிமூட்டை சுமந்து விற்று, காணி எடுத்துவிட்டேன், உங்களையும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியனுப்பி, அதோடு சத்தமில்லாமல் போனவர். அந்த வழியில் இப்போது மிஞ்சியிருப்பவள் ரஞ்சினி ஒருத்திதான்.

எழுபத்தாறாம் ஆண்டு ஆடி அமாவாசையன்று, கிளேட்டனில் இருந்த தங்கள் ஃபிளாட்டில் சோறு சமைத்துக் கட்டிக்கொண்டு, கிரேக்கர் கடையில் வாங்கிய எள்ளையும் எடுத்து வைத்துக்கொண்டு சின்னத்தம்பியின் காணிக்குப் புறப்பட்டார்கள். ஊரில் ஆடி என்றால் வெயில். இங்கே மலை ஏற ஏறப் பனிப்புகார் இறங்கி, கார்க் கண்ணாடியில் தண்ணீராக வழிந்தது.

"கும்பிடுறதை வீட்டிலையே கும்பிடலாமே," என்றான் விக்னராஜா. "இந்தக் குளிருக்கை, உம்மட நிலைமையிலை..."

"இதுவும் போச்செண்டால் நான் இருக்கமாட்டன்," என்றாள்.

அவன் கியரை மாற்றிக் காரை மேட்டில் ஏற்றினான்.

பாதை முடிவில் இருந்த கடைசிப் பண்ணைக்காரன் வேலிப் படலையைத் திறந்துவிட்டான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தன் தகப்பன் காலத்திலேயே வீடு விழுந்து புகைபோக்கி மட்டும்தான் நிற்கிறது என்று சொன்னான். இருட்ட முன்னம் திரும்பிவிடச் சொன்னான். காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். ஆளுயரப் பன்னச் செடிகள் இரண்டு பக்கமும் வளைந்து, தோளிலும் தலையிலும் தண்ணீர் சொட்ட, காலடியில் உக்கிய இலைகள் பஞ்சுபோல அமுங்கி, ஓடைச் சத்தம் ஒரு சமயம் வலப்பக்கமும் ஒரு சமயம் முதுகுக்குப் பின்னாலும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. பிறகு அந்த மணம் வந்தது. ஈர விறகுப் புகை.

வீடு நின்றது.

முழு வீடு. பிளந்த பலகைச் சுவர், மரப்பட்டைக் கூரை, திறந்து கிடந்த கதவு. பண்ணைக்காரன் வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருப்பான் என்றான் விக்னராஜா. அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. உள்ளே மண்தரை. அதில் விளக்குமாற்றின் கீறுகள் வரிசையாக, புதிதாக இருந்தன. குளிர்ந்து கிடந்த அடுப்புக்கல்லின் முன்னால் வாழையிலைக்குப் பதிலாகக் கொண்டுவந்த தட்டை ரஞ்சினி வைத்தாள். சோற்றை வைத்தாள். பையைத் துழாவினாள். எள்ளைக் காணவில்லை.

"காருக்கை விட்டிட்டம்," என்றான் விக்னராஜா. "நீர் அசையாமல் இரும். கெதியா எடுத்துக்கொண்டு வாறன்."

தானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சறுக்குப் பாதையில் இன்னொரு தரம் இறங்கி ஏற வயிறு விடாது. அவனுடைய சப்பாத்துச் சத்தம் பன்னங்களுக்குள் தேய்ந்து போனது. வாசலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பலகைச் சுவருக்கு அப்பால், உள்ளறையில், ஒரு சத்தம் கேட்பதைக் கவனித்தாள். கிரீச். கொஞ்சம் விட்டு, கிரீச். ஏதோ கொப்பு கூரையில் உரசுகிறது என்று நினைத்தாள். காற்று இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. உள்ளறை வாசலில் ஒரு பழஞ்சாக்கு மறைப்பாகத் தொங்கியது. அதைப் பார்க்காமல் அடுப்புக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் பிள்ளை?"

யாழ்ப்பாணத்துக் குரல். கனகாலம் பேசாத தொண்டை. தண்ணீர் காணாத குரல்.

ஓடியிருக்கலாம். வாசல் நாலெட்டில் இருந்தது. ஆனால் அவள் ஓடுவதற்காகவா வந்தாள்? இரண்டு பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தவளுக்கு ஓடிப்போய்ச் சேர ஓர் இடமில்லை. சாக்குப் பக்கம் திரும்பிப் பேசினாள்.

"நான்... உங்கட மகன்ர பேத்தி."

கிரீச். கிரீச்.

"தனியவோ வந்தனி?"

"இல்லை," என்றாள். கணவனும் வந்திருக்கிறான் என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வேறு வந்தது. "வயித்திலை ஒண்டு இருக்கு."

சத்தம் நின்றது. ரஞ்சினி தட்டின் முன்னால் விழுந்து மண்ணில் நெற்றியை வைத்தாள். மண் இளஞ்சூடாக இருந்தது. இத்தனை வருடம் அடைத்து வைத்த அழுகை பீறிட்டு வந்தது. சோறு கொண்டு வந்திருக்கிறேன், எள்ளும் வருகிறது, ஒவ்வொரு வருடமும் வந்து செய்கிறேன் என்று விம்மி விம்மிச் சொன்னாள். கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"இந்தப் பிள்ளையாவது இருக்க வேணும்."

"இருக்கும்."

உடம்பெல்லாம் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். சாத்திரியார் சொன்னது சரி. வந்தது சரி. எல்லாம் சரி.

"இஞ்சை இருக்கும்," என்றது குரல். "நீ போ."

நோவில்லை. இரத்தமில்லை. சீலையின் கொய்யக மடிப்பு மட்டும் இடுப்பிலிருந்து மெல்ல நழுவியது. இறுக்கிக் கட்டிய சீலை. கோட்டுக்குள் கையை விட்டாள். தட்டையாக இருந்தது. இடமும் வலமும் தடவினாள். தட்டை. குளிர்.

பலகைக்கு அப்பால் சத்தம் மறுபடி தொடங்கியது.

கிரீச்.

இப்போது கனமாக. பாரம் ஏறிய கயிறு.

வெளியே சப்பாத்துச் சத்தம். விக்னராஜா மூச்சிரைக்க உள்ளே வந்தான். ஒரு கையில் எள்ளுப் பொட்டலம், மறு கையில் ரோச் லைற். அவளுடைய முகத்தைப் பார்த்தான். கால்மாட்டில் குவிந்து கிடந்த சீலையைப் பார்த்தான். சத்தம் வந்த பக்கம் திரும்பினான். அவள் வேண்டாம் என்று சொல்ல முதல் சாக்கை ஒதுக்கி வெளிச்சத்தை அடித்துவிட்டான்.

பொட்டலம் நழுவி எள்ளு தரையெல்லாம் சிந்தியது.

"ரஞ்சி," என்றான். "அது ஆரின்ர பிள்ளை?"

முகட்டு வளையில் ஓர் ஏணைத் தொட்டில் தொங்கியது. கிழிந்த துணிமூட்டையால் கட்டிய ஏணை, அடி தொய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் கயிற்றைப் பற்றியிருந்த கறுத்து வற்றிய விரல்கள், வெளிச்சம் பட்டும் பிடியை விடாமல், அவசரமில்லாமல் இழுத்து இழுத்து விட்டன. துணிக்குள் ஏதோ புரண்டு படுத்தது. பிறகு ஒரு சின்னக் குதிக்கால் உள்ளேயிருந்து துணியை உந்தியது.