பன்னிரண்டு யூனிட்

கையிலிருந்த ஊசி காலியாக இருந்தது. யாருக்குப் போட்டோம் என்பதுதான் நினைவில் இல்லை.

சிஸ்டர் வார்டின் நடுவில் அப்படியே நின்றாள். மதியம் மூன்று மணி. ஆறு கட்டில்கள், மருந்தும் வியர்வையும் கலந்த வாடை, மின்விசிறி கடக் கடக்கென்று சுற்ற, ஒன்றாம் பெட் பெரியவரின் இருமலும் ஐந்தாம் பெட்டுக்காரரின் குறட்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. நேற்றுக் காலையிலிருந்து நர்ஸ் அவள் ஒருத்திதான். மாற்று ஆள் வரவில்லை. காலையில் பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். போதாததற்கு அக்காவின் போன்.

"அம்மாவுக்குப் பேச்சே நின்னுபோச்சுடி. கண்ணு மட்டும் உன்னைத் தேடுது. எப்ப வர்றே?"

"ஒரே ஒரு இன்சுலின்க்கா. போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

வார்டில் சர்க்கரை நோயாளி ஒருவர்தான். 'நாலாம் பெட், பன்னிரண்டு யூனிட்' என்று முணுமுணுத்தபடி நடந்தது வரை நினைவிருக்கிறது. அப்புறம் போன் மறுபடி அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டாற்போல.

நாலாம் பெட்டுக்காரரின் தோளைத் தொட்டாள்.

"ஐயா, உங்களுக்கு ஊசி போட்டுட்டேனா?"

"மூணு தடவை போட்டியேம்மா..." அவர் குரல் குழறியது. "எதுக்குன்னு கேட்டேன். நீ பதிலே சொல்லலை."

குளுக்கோஸ் எடுக்க ஓடினாள். பாதி வழியில் கால்கள் நின்றன.

இருமல் கேட்கவில்லை.

எப்போது நின்றது? குறட்டையும் இல்லை. விசிறி மட்டும்.

ஒன்றாம் பெட். பெரியவரின் முகமெல்லாம் வியர்வை, தலையணை நனைந்திருந்தது. சட்டைக் கையை யாரோ பதமாகச் சுருட்டிவிட்டிருந்தார்கள். புஜத்தில் துண்டுப் பஞ்சு. சர்க்கரையே இல்லாத மனிதர். இந்த மருந்து அவருக்கு விஷம்.

இரண்டாம் பெட். பஞ்சு.

மூன்று. பஞ்சு.

"ஆயாம்மா! டாக்டரைக் கூப்பிடுங்க, ஓடுங்க!"

திரும்பினாள். வாசலோரம் வார்டு ஆயா சுவரில் சாய்ந்து, மெல்லச் சரிந்துகொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"தடுப்பூசின்னு சொன்னீங்களே சிஸ்டர்..." நாக்கு புரளவில்லை. "சிரிச்சுக்கிட்டேதானே போட்டீங்க..."

விலகிய முந்தானைக்குக் கீழே, அவள் கையிலும் வெள்ளைப் பஞ்சு. அதன் நடுவில் சிவப்புப் புள்ளி ஒன்று மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.