கைக்குள் ஒரு டிவி

மனிதகுலத்தின் அழிவு எந்த நாளில் தொடங்கியது என்று இன்ஸ்பெக்டர் கண்ணுசாமிக்குத் தெரியும். சாவு வீட்டை எவனோ ஒருவன் முதன்முதலாகச் செல்போனில் காட்டினானே, அந்த நாளில்.

"காட்டுறவனும் மனுசன் இல்ல, பாக்குறவனும் மனுசன் இல்ல. எழவுக்கு நேர்ல வரணும், முடியாட்டிப் பேசாமக் கெடக்கணும்" என்பார். அவருடைய ஸ்டேஷனில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஞாயிறு, பகல் 1.10. அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் கதவை உடைத்தார்கள். முகமது அஸ்வர் தரையில் கிடந்தான். கழுத்தில் கேமரா ஒயர் இரண்டு சுற்று. வெளியே மூன்றாம் பந்தி பாதியில் எழுந்தது.

கல்யாணங்களை வளைகுடாவில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலையாக அனுப்புவது அஸ்வரின் தொழில். வீட்டுக்கு ஒருத்தர் அங்கிட்டு இருக்கிற ஊரில் அந்தத் தொழிலுக்கு ஓய்வே கிடையாது. அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நேரலைக்கென்றே வைத்த கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி.

"இதோட டிவி எங்க? களவு போயிருச்சா?" என்றார் கண்ணுசாமி.

"இதுக்கு மானிட்டரே கிடையாதுங்கய்யா," என்றார் ஏட்டு பிரகதீஸ்வரி. "பார்ட்னர் சல்மான் கீரனூர்ல வீட்டுல உக்காந்து, லேப்டாப்புல இதோட திரையப் பாத்து கேமராவ மாத்துவாராம்."

"கல்யாணத்துக்கும் நேர்ல வர மாட்டானா?"

"பிரியாணி மட்டும் பார்சல்ல போகுமாம்."

அஸ்வரின் வலது கை இறுக மூடியிருந்தது. விரித்தபோது கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்று விழுந்தது. ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார்கள். நுழையவில்லை. 'உடைந்த பென் டிரைவ்' என்று கவரில் எழுதி டிராயரில் போட்டார்கள்.

நிக்காஹ் பன்னிரண்டு மணிக்கு. அதற்குக் கொஞ்சம் முன்னாடியே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அறைக் கதவு இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். ஒரு சாவி அஸ்வர் சட்டைப் பையில். இன்னொன்று கேமராக்காரன் அஜித்திடம் இருந்தது கதவை உடைத்த பிறகுதான் தெரிந்தது. வல்லத்திராக்கோட்டைக்காரனான அஜித்தைக் கையோடு கூட்டிவந்தார்கள். மறுநாள் பகலில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதாக முடிவு.

"கேமராவ விட்டு நான் நகரவே இல்லைங்க சார்."

"யாரு பாத்தா?"

"எல்லாரும் மாப்பிள்ளையத்தான் சார் பாத்தாங்க."

நாலு மணிக்குச் சல்மான் கீரனூரிலிருந்து வந்து சேர்ந்தான். கண் வீங்க அழுதிருந்தான். "காலையிலேருந்து சாப்பாடு வரைக்கும் நான்தான் சார் அங்கேருந்து மாத்திக்கிட்டிருந்தேன். ரெக்கார்டிங் இருக்கு, பாருங்க."

பார்த்தார்கள். மேடைக்கு ஒரு கேமரா, பெண்கள் பக்கம் ஒன்று, சமையல் பக்கம் ஒன்று. மூன்றும் முறையாக மாறிக்கொண்டே இருந்தன. மாப்பிள்ளை 'கபூல்' என்று சம்மதம் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்துத் திரையில் பிரியாணி வேகிற தேக்சா வந்தது. கீழே ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "நிக்காஹ் யாருக்கு, தேக்சாவுக்கா?"

கண்ணுசாமி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

"நெட்டு ஸ்லோ சார்," என்றான் சல்மான்.

அஸ்வரின் மனைவி பாசிலா சிரிக்கிற நிலையில் இல்லை. "நாலஞ்சு நாளாத் தூங்கலைங்க. பொம்பளைங்க பக்கத்துக் கேமராவத் தூக்கணும், ஜமாத்துல சொல்லணும்னு பொலம்பிக்கிட்டே இருந்தாங்க. ஏன்னு கேட்டா வாயத் திறக்கல."

இரவு குவைத்திலிருந்து போன். அஸ்வரின் அத்தா அப்துல் மஜீது. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில், லீவு இல்லை.

"மண்ணு போடுறதுக்கு முன்னாடி மவன் மொகத்த ஒரு தடவ போன்ல காட்டச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

"இதெல்லாம் போன்ல பாக்குற விசயமா பாய்? வைங்க," என்று கண்ணுசாமியே வைத்தார்.

விஷயம் காதில் விழுந்ததும் சல்மான் உருகினான். "நான் காட்டுறேன் சார். பெட்டிய மட்டும் ஆன் பண்ணி நெட்டக் குடுங்க. கேமராவ அடக்கம் நடக்குற எடத்துல வச்சாப் போதும், வீட்டுலேருந்தே பாத்துக்கிறேன்."

"செய்யட்டுமேங்கய்யா. பெத்தவரு," என்றார் பிரகதீஸ்வரி. கண்ணுசாமி மோட்டுவளையைப் பார்த்தார். அதைச் சம்மதம் என்று ஏட்டு எடுத்துக்கொண்டார்.

திங்கள், காலை 10.00. ஸ்டேஷன் மேசையில் பெட்டி ஓடியது. பிரகதீஸ்வரியின் போனிலிருந்து நெட். ஸ்பீக்கரில், கீரனூர் வீட்டிலிருந்து சல்மான்.

"சார், எனக்குத் திரை கருப்பா இருக்கு. பெட்டிக்குப் பின்னாடி குட்டியா ஒரு டம்மி பிளக் இருக்கும். லூசாயிருக்கும், அழுத்திவிடுங்க."

"அது என்னத்துக்கு?"

"டிவி மாட்டியிருக்குன்னு பெட்டிய நம்ப வைக்கிறது சார். அது இல்லாட்டி இங்கிட்டு கும்மிருட்டு. ஒரு கேமராவக்கூட மாத்த முடியாது."

"எந்த சைசுல இருக்கும்?"

"கட்டைவிரல் அளவு. கறுப்பு."

கண்ணுசாமி டிராயரைத் திறந்தார். கவரைப் பிரித்துக்கொண்டே, ஒரு துண்டுக் காகிதத்தில் 'கீரனூர் போலீஸ், உடனே' என்று எழுதி நீட்டினார். பிரகதீஸ்வரி வெளியே ஓடினார். கண்ணுசாமி பெட்டிக்குப் பின்னால் தடவித் தடவி நேரத்தைக் கடத்திவிட்டு, பிளக்கைச் செருகினார். கச்சிதமாக நுழைந்தது.

"வந்துருச்சு சார். எங்க கெடந்துச்சு?"

"அஸ்வர் கைக்குள்ள."

கண்ணுசாமி நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கழுத்து நெரிபடுறப்பக் கைக்குக் கெடச்சதப் புடிச்சிருக்கான். இது கழண்டு வந்துருச்சு. அதுக்கப்புறம் நீ கீரனூர்ல இருந்திருந்தா ஒனக்கு இருட்டுதான். இப்பக் கேட்ட மாதிரி அன்னைக்கே கேட்டிருப்ப. கேக்கல. நிக்காஹ் முழுக்க நான்தான் மாத்துனேன்னு சொன்ன."

"சார்..."

"கேமரா தானா மாற டைமரப் போட்டுட்டு மண்டபத்துக்கு வந்துட்ட. டைமருக்குக் கபூலும் தெரியாது, தேக்சாவும் தெரியாது. கண்ணால பாக்குறவன் எவனாவது அந்த நேரத்துல மாப்பிள்ளைய விட்டு நகருவானா? சாவியும் ஒனக்குத் தேவப்படல. பார்ட்னருன்னு அவனே கதவத் திறந்திருக்கான், போறப்ப இழுத்துச் சாத்திட்டுப் போயிருக்க. ஒன்னய யாரும் பாக்கல. எல்லாரும் மாப்பிள்ளையப் பாத்தாங்க."

பிரகதீஸ்வரி திரும்பி வந்து, சொல்லியாச்சு என்று தலையசைத்தார்.

"பாசிலா சொன்னது இப்பத்தான் வெளங்குது. நேரலை முடிஞ்ச பிறகும் பொம்பளைங்க பக்கத்துக் கேமராவ வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தது நீதானே?"

"ஜமாத்துல சொல்லிருவேன்னான் சார்," என்றான் சல்மான்.

அங்கே யாரோ கதவைத் தட்டும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"போய்த் திற," என்றார் கண்ணுசாமி.

அஜித்தை விட்டுவிட்டார்கள். கேமராவைத் தூக்கிப் பார்த்தான், கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் ஐந்து மணி, கபர்ஸ்தான். அஸ்வர் உடலைச் சுற்றியிருந்த கபன் துணியை முகத்தில் மட்டும் விலக்கினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றியபடி கண்ணுசாமி முன்னால் போனார். சொந்தப் போனை எடுத்தார். குவைத் நம்பரை அழுத்தினார்.

"பாய், தெரியுதா?"

"கொஞ்சம் கீழ... ஆங்."

கேட்டுக்கு வெளியே நின்ற பிரகதீஸ்வரி பார்த்தார்; வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போனுக்குள் ஒரு கிழவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கண்ணுசாமிக்குத் தோள் கடுத்தது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். துணியை மூடும்வரை அந்த முகத்தை விட்டுப் போனை நகர்த்தவில்லை.