பத்தாவது பாயிண்ட்

பாறையின் மேல் பச்சைக் கண்ணாடி வளையல்கள் ஒரு கொத்து இருந்தன. அவற்றை வைத்தவர் சுதாம் தள்வி இல்லை.

வேறு யாருக்கும் இது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. லோணாவளாவில் மழை பிடித்துவிட்டால் பாறைக்குப் பாறை எதையாவது வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். தேங்காய் மூடி, குங்குமம், கடித்துப் போட்ட சோளக்கதிர். ஆனால் இந்தப் பாறையில் வளையல் போடுவது டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் சுதாமின் வேலை. ஜவுளிக்கடை வாசலில் பொம்மைக்குப் புடவை சுற்றி நிறுத்துவதில்லையா, அந்த மாதிரி. வருஷா வருஷம் முதல் மழைக்குப் பிறகு, வளையல்கடையில் கூட்டித் தள்ளும் உடைசலில் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிவந்து, ஆளில்லாத நேரமாகப் பார்த்து இடுக்குகளில் தூவி, சிட்டிகை குங்குமத்தையும் போட்டுவிட்டால் அந்த வருஷத்துக்குச் சரக்கு தயார். இந்த வருஷம் உடம்பு வணங்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டார்.

இவையோ உடைசல் இல்லை. முழு வளையல்கள். விடியற்காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தும் அவற்றின் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

'எவனோ நம்ம கடைக்கு எதிரிலேயே கடை போட்டுட்டான்' என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை.

மணி இரண்டே முக்கால். பகல்தான். ஆனால் ஜூலை மாதத்துப் பகலுக்கு அந்த மலையில் என்ன மரியாதை இருக்கிறது? பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மூடுபனி சாலையையும் சரிவையும் ஜீப்பின் மூக்கையும் ஒன்றாகச் சேர்த்து மெழுகிவிட்டு, ஊறின மண்ணும் அழுகின இலையும் எங்கேயோ சுடுகிற சோளமும் கலந்த வாடையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. காலையிலிருந்து லோஹகட் கோட்டை, கார்லே குகை, பவனா ஏரி, அதே ஏரி மறு கரையிலிருந்து இன்னொரு தடவை என்று ஒன்பது பாயிண்ட் முடித்தாயிற்று. சுதாமின் முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி கிடந்தன. கியர் மாற்றும்போதெல்லாம் "தேவா, தேவா" என்று முனகுவது அவருக்குப் பழக்கம். இன்று கியர் மாற்றாமலே முனகிக்கொண்டிருந்தார்.

பின்சீட்டிலிருந்து சூரத் ஜவுளி வியாபாரி கிரீட்பாயும் அவர் மனைவி தக்‌ஷாபென்னும் குடை பிடித்து இறங்கினார்கள்.

அவர்களை இங்கே கூட்டிவராமல் தப்பிக்க சுதாம் முயற்சி செய்யாமல் இல்லை. குகை வாசலிலேயே பேரம் பேசிப் பார்த்துவிட்டார்.

"சேட், பத்தாவதுல ஒண்ணுமே தெரியாது. ஒரே பனி. அப்படியே ஸ்டேஷன் பக்கம் திருப்பிடறேன். எம் பொண்ணு பூனாவுலேருந்து வந்து உக்காந்திருக்கு. பிரசவத்துக்கு வருது, எட்டு மாசம்."

"பேஷா வரட்டும். நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்" என்றார் கிரீட்பாய். "ஆனா போர்டுல பத்துன்னுதான எழுதியிருக்க? பத்து மீட்டர்னு சொல்லிட்டு நான் ஒம்பதரைல கத்திரி வெச்சா நீ சும்மா இருப்பியா?"

"விடுங்களேன், பாவம்" என்றாள் தக்‌ஷாபென்.

"பாவம்தான். அதுக்காக பத்து ஒம்பதாயிடுமா?"

'அங்க ஒண்ணும் கிடையாது சேட், அது நான் கட்டிவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. தன் சரக்கைத் தானே மட்டம் என்று சொல்ல எந்த வியாபாரிக்கு வாய் வரும்? விழுங்கிவிட்டார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எதிர் ஜீப் ஸ்டாண்டுக்காரன் 'ஒன்பது பாயிண்ட்' என்று போர்டு வைத்தான். சுதாம் பத்து என்று வைத்தார். கோட்டை, குகை, ஏரி, அணை என்று எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒன்பதுதான் வந்தது. ஒரு நாள் பனியில் வழி தவறி இந்த முட்டுச்சாலைக்கு வந்தார். ஒரு பாறை, அதைத் தாண்டி ஒரு திருப்பம் போலத் தெரியும் விளிம்பு, அதற்கப்பால் வெறும் பள்ளத்தாக்கு. வண்டியில் இருந்தவர்கள் "இது என்ன இடம்?" என்று கேட்க, அந்த நிமிஷத்தில் வாயில் வந்த கதைதான் பத்தாவது பாயிண்ட்.

செல்பேசி அடித்தது. மகள் ருதுஜா.

"பாபா, நீங்க அவசரப்படாதீங்க. எனக்கு வண்டி கெடச்சிருச்சு."

"எந்த வண்டியிலயும் ஏறாதன்னு சொன்னேன்ல?"

"தெரிஞ்சவர்தான் போல. 'சுதாம் தள்வி பொண்ணுதான நீ, ஏறும்மா'ன்னு அவரே பைய வாங்கி வெச்சார். இடுப்பு ரொம்ப வலிச்சுது பாபா, பெஞ்சுல உக்கார முடியல."

ருதுஜாவுக்கு முந்தைய கர்ப்பம் மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. இந்தத் தடவை ஏழாம் மாதம் பச்சைப் புடவை கட்டி, கை நிறையப் பச்சை வளையல் அடுக்கிச் சடங்கு செய்தபோது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க சுதாம் மட்டும் சமையல்கட்டுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் தும்மினாலும் அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அப்படிப்பட்டவர், ஸ்டாண்டுக்காரன் எவனோ உதவி செய்கிறான் என்று கேட்டதும், யார் என்ன என்று விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. முதலில் அவருக்குத் தோன்றியது, அப்பாடா, ஒரு வேலை குறைந்தது என்பதுதான்.

"சரிம்மா, வீட்டுக்குப் போயிட்டு ஒரு போன் போடு."

கிரீட்பாய் குடையால் பாறையைத் தட்டினார். "சொல்லுப்பா உன் பத்தாவது."

சுதாம் சொன்னார். வாய் தானாகச் சொன்னது. முன் காலத்தில் ஒரு பெண், நிறைமாதம், பச்சைப் புடவை. பிரசவத்துக்குப் பிறந்தவீடு போகிறாள். குதிரைவண்டிக்காரன் இதே பாறைக்குப் பக்கத்தில் அவளை இறக்கிவிட்டான். இனிமே என்னால முடியாதும்மா, அந்தத் திருப்பம் தாண்டினா உன் வீடுதான் என்றான். திருப்பத்துக்கு அப்பால் வீடும் இல்லை, பாதையும் இல்லை. இன்றைக்கும் பனி இறங்கினால் அவள் இங்கே நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறாள்.

"ஏன் அப்படி இறக்கிவிட்டான் பாவி?" என்றாள் தக்‌ஷாபென்.

"பாவியெல்லாம் இல்ல தாயி. அசதி. காலையிலேருந்து ஜீப் ஓட்டி ஓட்டி..."

"ஜீப்பா?" கிரீட்பாய் சிரித்தார். "இப்பதான குதிரைவண்டின்னே?"

"அதான், குதிரைவண்டி."

"அவ அப்பன் எங்க போனான்? பிள்ளத்தாச்சிப் பொண்ண வந்து கூட்டிட்டுப் போகக்கூடாதா?"

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. யோசிக்கிற நிலையில் சுதாமும் இல்லை. "அவனுக்கு சவாரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

தக்‌ஷாபென் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வாங்க, எனக்கு இங்க பிடிக்கல." இருவரும் ஜீப்புக்கு நடந்தார்கள். பத்தடியில் பனி அவர்களை எடுத்துக்கொண்டது. கதவு சாத்தும் சத்தம், வெந்தயக் கீரை ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம், கிரீட்பாயின் இருமல். அப்புறம் அதுவும் இல்லை.

சுதாம் வளையல்களை எடுத்து எறிந்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினார்.

பாறையில் வளையல்கள் இல்லை.

செல்பேசி மறுபடி அடித்தது.

"பாபா, எறங்கிட்டேன்."

"வீட்டுக்கு வந்துட்டியா? அதுக்குள்ளயா?"

"இல்ல, கொஞ்சம் முன்னாலயே. அவருக்கு முடியல பாபா, பாவம். கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. கியர் மாத்தறப்பல்லாம் உங்கள மாதிரியே 'தேவா, தேவா'ங்கறார். எனக்குச் சிரிப்பு வேற."

சுதாம் சிரிக்கவில்லை.

"என்ன வண்டிம்மா அது?"

"ஜீப்தான். உங்களுது மாதிரியே. கண்ணாடிகூட இடது பக்கம் ஒடஞ்சு, ஏக்வீரா கோயில் செவப்புக் கயித்தால கட்டி வெச்சிருக்கார்."

அந்தக் கயிற்றைக் கட்டியவர் சுதாம். போன செவ்வாய்க்கிழமை, தன் கையால், தன் ஜீப்பில். அந்த ஜீப் பின்னால் பத்தடியில் நிற்கிறது. சூரத்துக்காரர்கள் அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தார். வெள்ளைதான் தெரிந்தது.

"எங்க எறக்கிவிட்டான்?"

"தெரியல பாபா. ஒரே பனி. பெரிய பாறை ஒண்ணு இருக்கு. அந்தத் திருப்பம் தாண்டினா வீடுன்னார்."

சுதாம் கால் கட்டைவிரலால் நிலத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டார். ஈர மண். பாறை. தூறல். தன் மூச்சு. செல்பேசிக்குள் அவள் மூச்சு. இரண்டுக்கும் நடுவே இன்னொரு சத்தம் இருந்தது. செல்பேசியை வைத்திராத காதில் அது கேட்டது. கண்ணாடியில் கண்ணாடி படும் மெல்லிய சத்தம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நிற்கும்போது கேட்குமே, அது.

"ருதுஜா. அங்கயே நில்லு. ஒரு அடி வெக்காத."

"கேக்கல பாபா. விட்டு விட்டு வருது."

"நில்லுன்னேன்!"

"என்னது?"

நடந்தார். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, குருடன் மாதிரி. பாறையைத் தடவி அதன் மறுபுறம் போனார். விளிம்புக்கு ஆறடி இருக்கலாம். ஐந்தடி இருக்கலாம். பனி கொஞ்சம் விலகியது.

பச்சை.

ஒரு முதுகு. பச்சைப் புடவை. இடுப்பில் ஊன்றிய கை. தோளில் தொங்கும் துணிப்பை. பூனாவில் அவரே வாங்கித் தந்தது. தலை கொஞ்சம் சாய்ந்து, செல்பேசியைக் காதோடு அணைத்தபடி. விளிம்பில் இல்லை. விளிம்புக்கு அப்பால். திருப்பம் போலத் தெரியும் அந்த இடத்தில், பாதை இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே, நின்றுகொண்டிருந்தாள்.



அவள் திரும்பவில்லை.

"பாபா" என்றாள். செல்பேசியிலும் கேட்டது. பனியிலும் கேட்டது. "இன்னும் எவ்வளவு தூரம்?"

திரும்பி வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல இருந்தார். ஆனால் இந்தப் பாறை, இந்தப் பனி, இந்தக் கேள்வி. பதினெட்டு வருஷமாக, சவாரிக்குச் சவாரி, கூட்டத்தை நடுங்கவைக்க வாயருகே கையைக் குவித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து அவர் கத்தும் ஒரே ஒரு பதில். அசந்துபோன வாய். அதற்கு வேறு வழி தெரியாது. கை ஏற்கெனவே குவிந்திருந்தது.

"அந்தத் திருப்பம் தாண்டினா வீடும்மா!"

மலை அதை வாங்கி, மூன்று தடவை சொன்னது.

"இப்ப நல்லா கேக்குது. சரி பாபா" என்றாள்.

நடந்தாள்.

வளையல் சத்தம் கீழே போகவில்லை. நேராக முன்னால் போனது. நிறைமாதக்காரியின் நடை. நாலு அடி. மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். மறுபடி நாலு அடி. பள்ளத்தாக்கின் மேலே, ஒன்றுமில்லாத இடத்தின் மேலே, வெள்ளைக்குள், தூரமாக, இன்னும் தூரமாக.

பின்னால் ஜீப்பின் ஹாரன் அடித்தது. வரும்போது ஒரு ஜீப்தான் வந்தது. இப்போது இரண்டு ஹாரன்கள் அடித்தன. ஒன்றில் கிரீட்பாய் பொறுமையிழந்து விட்டு விட்டு அடித்தார். இன்னொன்று ஒரே ஒரு தடவை, அசதியாக அடித்து ஓய்ந்தது. அதையடுத்துக் கியர் விழும் சத்தமும், அவருடைய குரலிலேயே ஒரு முனகலும் கேட்டன.

"தேவா, தேவா."