யாரும் தொடாத பட்டன்

டெலிபோன் அலறியது.

"தம்பி... ஏழாம் நம்பர் பெட்ல இருந்தவர் செத்துட்டார்டா. மூச்சு மெஷின் நின்னு போச்சு. நான்தான் நிறுத்தினேன்னு சொல்றாங்க..."

அக்கா! பதினெட்டு வருட நர்ஸ். ஊசி போடும்போது நோயாளியைவிட அதிகமாக முகம் சுளிப்பவள். அவளா கொலை செய்வாள்?

அந்த மெஷினுக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து உழைக்கும் கெர்னல் நிரலை எழுதியதே அவனுடைய கம்பெனிதான்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் மெஷினின் பதிவோடு அவன் ஆபீசுக்கு வந்தார். பின்னால் அக்கா, வீங்கிய கண்களோடு.

"'கையால் நிறுத்தப்பட்டது'ன்னு மெஷினே சொல்லுது. ரூம்ல இவங்க மட்டும்தான். வேற என்னய்யா வேணும்?"

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"அரை மணி."

அவன் பதிவைத் துழாவினான். மெஷின் நிற்காமல் ஓடிய நேரம்... இருபத்து நாலு நாள், இருபது மணி, முப்பத்தொரு நிமிடம்.

அதை மில்லி செகண்டாகப் பெருக்கிப் பார்த்தான்.

"சார், ஆன் பண்ணதுலேருந்து மெஷின் நேரத்தை எண்ணிக்கிட்டே இருக்கும். ஒரு செகண்டுக்கு ஆயிரம். ஒரு ஃபைல்ல அந்த எண்ணுக்கு அறுபத்து நாலு பிட் இடம். அதையே வாங்கிக்கிற இன்னொரு ஃபைல்ல வெறும் முப்பத்திரண்டு."

"புரியற மாதிரி சொல்லுய்யா."

"குடத்துத் தண்ணியை டம்ளர்ல ஊத்தினா?"

"வழியும்."

"இங்க வழியாது. சரியா இந்த இருபத்து நாலு நாள் கணக்குல எண் நிரம்பி மைனஸா மாறிடும். மைனஸ் வந்தா, யாரோ பட்டனை அழுத்திட்டாங்கன்னு கெர்னல் நினைச்சுக்கும். கையால நிறுத்தினா அலாரமும் அடிக்காது."

உதிரி மெஷின் ஒன்றை இழுத்து வந்தான். அதன் நேரத்தை அந்தக் கெடுவுக்குப் பத்து செகண்ட் முன்னால் வைத்தான். இன்ஸ்பெக்டர், அக்கா, சத்தம் கேட்டு வந்த மேனேஜர் எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எட்டு... ஒன்பது... பத்து...

நின்றது. சத்தமே இல்லாமல்!

திரையில் மூன்றாவது செகண்டில் எழுத்து வந்தது. 'கையால் நிறுத்தப்பட்டது.'

அக்கா சுவரில் சாய்ந்து விசும்பினாள்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "இப்படி அளவு மாறியிருந்தா கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லாதா?"

"எச்சரிக்கை காட்டும் சார். யாரோ ஒரு வரி எழுதி அதோட வாயை அடைச்சிருக்காங்க."

"யாரு?"

மேனேஜர் அவன் காதருகே குனிந்தார். "எந்த வரியை யார் எழுதினதுங்கற பழைய பதிவைத் திறக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் திறந்தான்.

தேதி, இரண்டு வருடத்துக்கு முன். பெயர்... அவனுடையது!

ஞாபகம் வந்தது. அன்றைக்கு நானூறு எச்சரிக்கைகள். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாமல் மொத்தமாக வாயை அடைத்துவிட்டு, அக்காவின் பிறந்த நாளுக்கு ஓடியிருந்தான்.

"அந்தப் பதிவை அழிச்சிடுடா," அக்காதான் கிசுகிசுத்தாள். "பழியை நான் பாத்துக்கறேன்."

"இன்னும் முப்பது மெஷின் ஓடுதுக்கா."

ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டு மெஷின்களை மாற்றச் சொன்னான். பிறகு முப்பத்திரண்டை அழித்து அறுபத்து நாலு என்று அடித்தான். நானூறு எச்சரிக்கைகளின் வாயையும் திறந்துவிட்டான். திரை மஞ்சளாக நிரம்பியது.

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து விலங்கை எடுத்தார். "உங்க அக்கா கைக்குன்னு கொண்டு வந்தது..."

அவன் கையை நீட்டினான்.

"பாத்துப் போடுங்க சார். அளவு தப்பினா என்ன ஆகும்னு இப்பதானே பாத்தீங்க."